தறிச் சத்தத்துக்கு நடுவே கிட்டாருக்குச் சுருதி சேர்க்க எந்தக் கிளிப் டியூனர் வாங்கலாம்?

தறிக்குடோன் மகன் (சோமனூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டின் பின்சுவரை ஒட்டியே அப்பாவின் தறிக்குடோன் இருப்பதால், விசைத்தறிகள் ஓடுகிற நேரமெல்லாம் வீட்டுக்குள் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஆறு மாதமாக எஃகுக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் பழகி வருகிறேன். இதுவரை கைப்பேசிச் செயலியை வைத்துத்தான் சுருதி சேர்த்தேன். ஆனால் தறி ஓடும்போது அந்தச் செயலி நான் மீட்டும் கம்பியைக் கேட்கிறதா, நாடா அடிபடும் சத்தத்தைக் கேட்கிறதா என்றே தெரியாத அளவுக்கு எழுத்துகள் மாறி மாறிக் குதிக்கின்றன. உண்மையைச் சொல்வதானால், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாளில் மட்டும்தான் என் கிட்டார் சரியான சுருதியில் இருக்கிறது.

போன வாரம் புதுக் கம்பி மாற்றியபோது, திரையில் 'ஈ' என்று வரும் வரை முதல் கம்பியை முறுக்கிக்கொண்டே போனேன். 'ஜி ஷார்ப்' வரை வந்தும் 'ஈ' வரவில்லையே என்று இன்னும் அரைச் சுற்று கொடுத்த நொடியில் கம்பி அறுந்து புறங்கையில் அடித்தது. அதற்குப் பிறகுதான் தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கையில் 1,500 ரூபாய் வரை இருக்கிறது. அதிர்வைப் பிடிக்கும் கருவி என்றால், தரை வழியாக வருகிற தறியின் அதிர்வும் அதைக் குழப்பாதா என்பது என் முதல் சந்தேகம். சுருதியை அளக்கும் சென்ட் என்ற நுண் அளவில் ஒரு டியூனர் ஒரு சென்ட் துல்லியம் என்றும், விலை உயர்ந்த இன்னொன்று அதில் பத்தில் ஒரு பங்கு என்றும் சொல்கின்றன. பழகுபவனுக்கு அந்த வித்தியாசம் காதில் விழுமா என்பது அடுத்தது. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஆறாம் கம்பி (கோவை) எழுதியது:

தம்பி, உங்கள் சூழலுக்குக் கிளிப் டியூனரை விட்டால் வேறு வழியில்லை என்றே சொல்வேன். சாயிபாபா காலனியில் ஒரே அறையில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எட்டுக் கிட்டாரும் ஒன்றாகச் சுருதி சேரும்போது எழும் இரைச்சல் உங்கள் தறிக்குடோனுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அங்கே மைக்கை நம்பும் எதுவும் வேலைக்கு ஆகாது. கிளிப் டியூனர் காற்றில் வரும் ஒலியைப் பொருட்படுத்தாமல், தான் கவ்வியிருக்கும் மரத்தின் நடுக்கத்தை மட்டுமே படிப்பதால், பக்கத்துப் பிள்ளை என்ன வாசித்தாலும் அதற்குக் கவலையில்லை.

தறி அதிர்வைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கிட்டாரை மடியில் வைத்திருக்கும்போது தரையின் அதிர்வில் பெரும்பகுதியை உங்கள் உடம்பே வாங்கிக்கொள்ளும். மிஞ்சுவதும் தடதடவென்ற இடிதானே தவிர, டியூனர் தேடுகிற சீரான சுரம் அல்ல. ஆனால் சுருதி சேர்க்கும்போது தலைப்பகுதியைச் சுவரிலோ மேசையிலோ சாய்த்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பின்சுவரில் சாய்த்தால் குடோனையே கிட்டாரோடு இணைத்துவிட்டதாக ஆகிவிடும்.

கம்பி அறுந்த கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது இது நடந்திருக்கிறது. பெரும்பாலான டியூனர்கள் சுரத்தின் எழுத்தை மட்டும் காட்டும். அது எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று காட்டுவதில்லை. உங்கள் முதல் கம்பி 'ஜி ஷார்ப்'பில் நின்றபோது அது ஏற்கெனவே சரியான 'ஈ'யைத் தாண்டி, அடுத்த 'ஈ'யை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கும். ஆகவே பன்னிரண்டு சுரங்களில் எதையும் காட்டும் க்ரோமாட்டிக் முறையோடு, கம்பியின் எண்ணையும் சேர்த்துக் காட்டுகிற கிட்டார் முறையும் உள்ள டியூனராகப் பார்த்து வாங்குங்கள். புதுக் கம்பி போடும்போது கிட்டார் முறையையும், கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) போட்டுச் சரிபார்க்கும்போதும் அரைச் சுரம் இறக்கிச் சேர்க்கும்போதும் க்ரோமாட்டிக் முறையையும் பயன்படுத்தலாம். எந்த முறையாக இருந்தாலும், கம்பி அளவுக்கு மீறி விறைப்பாகத் தெரிந்தால் திரையை நம்பாமல் விரலை நம்புங்கள். பாவு எப்போது அறுந்துபோகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற வீட்டில் பிறந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் திரையின் மூட்டு இணைப்பைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் முதலில் போவது மின்சுற்று அல்ல, திரையைத் திருப்ப உதவும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைதான். நான் முதன்முதலில் வாங்கிய டியூனர், பெயர் வேண்டாம், நான்கு மாதத்தில் தலை தொங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு வருடம் ரப்பர் வளையம் போட்டு ஓட்டினேன். கவ்வும் இடத்தில் நல்ல ரப்பர் மெத்தை இருக்கிறதா, உங்கள் கிட்டாரின் தலைப்பகுதித் தடிப்புக்கு வாய் திறக்கிறதா, நடுப்பகலில் வாசலில் நின்று பார்த்தாலும் திரை தெரிகிறதா என்பவை அடுத்து வருபவை. வேலை முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். நைட்ரோ செல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டார்களில் ரப்பர் நாள்கணக்கில் ஒட்டியிருந்தால் தழும்பு விழுந்துவிடும்.

நான் புழங்கியவற்றில் டடாரியோ நிறுவனத்தின் என்எஸ் மைக்ரோ தலைப்பகுதியின் பின்புறம் மறைந்து உட்காரும் அளவுக்குச் சிறியது. கோர்க் பிட்ச்கிளிப் இரண்டாம் பதிப்பு வெளிச்சப் புள்ளிகளால் காட்டுவதால் மங்கிய அறையிலும் தெளிவாகத் தெரியும்; ஆனால் அது எழுத்தை மட்டுமே காட்டும், கம்பி எண்ணைக் காட்டாது என்பதால் உங்களுக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். இன்னொன்று, பல கிளிப் டியூனர்களில் மைக் முறைக்கும் அதிர்வு முறைக்கும் மாற்றுகிற ஒரு பொத்தான் இருக்கும். "சார், டியூனர் கெட்டுவிட்டது" என்று வருபவர்களில் பலர் தெரியாமல் மைக் முறைக்கு மாற்றி வைத்திருப்பவர்கள்தான்.

பழைய ரேடியோக் கடை (ஈரோடு) எழுதியது:

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கருவிகள் பழுதுக்கு என்னிடம் வருவதால் உள்ளே இருப்பது தெரியும். கிளிப்பின் வாய்க்குள் ஒரு பீசோ தகடு இருக்கிறது. வீட்டில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதே தத்துவம்தான். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தது. லைட்டரில் ஓர் அடிக்குப் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. இங்கே மரத்தின் நடுக்கத்துக்கு ஏற்பச் சில மில்லிவோல்ட் எழுகிறது. உள்ளே இருக்கும் சில்லு அது விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, அந்த எண்ணைச் சுரமாக மாற்றிக் காட்டுகிறது.

ஆறாவது கம்பி விநாடிக்கு 82.41 முறை அதிர வேண்டும், முதல் கம்பி 329.63 முறை. அதாவது தடித்த கம்பியின் ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய 12 மில்லிவிநாடி ஆகிறது. பல சுற்றுகளை எண்ணினால்தான் கருவியால் நம்பிச் சொல்ல முடியும் என்பதால், தடித்த கம்பிக்கு முள் தயங்கித் தயங்கி நகர்வது கோளாறு அல்ல. சில சமயம் ஆறாவது கம்பியை மீட்டினால் 'ஈ' வராமல் 'பி' என்று காட்டும். அந்தக் கம்பியின் மூன்றாவது கிளைச்சுரம் (அடிச்சுரத்தோடு கூடவே அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஒலிப்பது) 'பி' என்பதும், தலைப்பகுதி மரம் அந்தக் கிளைச்சுரத்துக்குக் கூடுதலாக நடுங்குவதும்தான் காரணம். கிளிப்பை இரண்டு விரற்கடை நகர்த்தி மாட்டினாலோ, பிக் இல்லாமல் கட்டைவிரல் சதையால் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) மேல் மெதுவாக மீட்டினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி அந்தச் சென்ட் கணக்கு. சென்ட் என்றதும் நம் பக்கத்தில் நிலம்தான் நினைவுக்கு வரும், அதுவே இங்கும் உதவுகிறது: ஏக்கருக்கு நூறு சென்ட் என்பதைப் போல, ஓர் அரைச் சுரத்துக்கு நூறு சென்ட். முதல் கம்பியும் அதே சுரத்துக்குச் சேர்த்த வேறொரு கம்பியும் ஐந்து சென்ட் விலகியிருந்தால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை ஒலி அலைபோல ஏறி இறங்குவது கேட்கும். ஒரு சென்ட் விலகல் என்றால் அந்த அலை வர ஐந்து விநாடி ஆகும், அதற்குள் நீங்கள் அடுத்த கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு) போயிருப்பீர்கள். பீட்டர்சன் ஸ்ட்ரோபோகிளிப் சொல்லும் பத்தில் ஒரு சென்ட்டும், டிசி எலக்ட்ரானிக் பாலிட்யூன் கிளிப் ஸ்ட்ரோப் என்ற தன் நுண்துல்லிய முறைக்குச் சொல்லும் 0.02 சென்ட்டும் பொய்யல்ல. பன்னிரண்டாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டியதும் திறந்த கம்பியும் சரியாக ஒரு ஸ்தாயி விலகி நிற்கின்றனவா என்று பார்த்துக் கிட்டாரைச் சீர் செய்பவருக்கு அவை பயன்படும். கம்பியை விரலால் சற்று அதிகமாக அழுத்தினாலே சில சென்ட் ஏறிவிடுகிறது என்கிறபோது, பழகுபவர் அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

மின்கலத்தைப் பற்றிச் சொல்ல ஒருவருமில்லை, ஆகவே நான் சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் சிஆர் 2032 என்ற காசு வடிவ மின்கலம் இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதே அந்த எண். எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதால் அதுவே நல்லது. தானாக அணையும் வசதி இல்லாத டியூனர் அதை ஒரே வாரத்தில் தின்றுவிடும். மின்கலம் தளர்ந்தால் துல்லியம் கெடுவதற்கு முன் திரைதான் மங்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மின்கல மூடி திருகாணியால் பூட்டப்பட்டதாகப் பாருங்கள். இதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

தறிக்குடோன் மகன் (சோமனூர்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நிலக்கணக்கில் சொன்னது அப்பாவுக்கே புரிந்துவிட்டது, "அரை சென்ட்டுக்கா இத்தனை ஆயிரம்?" என்று சிரித்தார். இன்னொரு சந்தேகம். மின்தடை நாளில் செயலியில் ஆறு கம்பியும் பச்சை காட்டிய பிறகும், 'ஈ மேஜர்' கார்டு பிடித்தால் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு கேட்கிறது. டியூனர் மாறினால் அதுவும் தீருமா?

கிழக் காது (பொள்ளாச்சி) எழுதியது:

தீராது தம்பி, எந்த விலைக்கு வாங்கினாலும் தீராது. உங்கள் காது நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தம்புராவைக் கூர்ந்து கேட்டிருந்தால், யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாக எழுவது தெரியும். ஆதார ஷட்ஜத்திலிருந்து அந்த இயற்கையான காந்தாரம் ஏறக்குறைய 386 சென்ட் தொலைவில் இருக்கிறது. கிட்டாரின் ஃபிரெட்டுகளோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. அந்தக் கணக்கில் காந்தாரம் 400-இல் வந்து நிற்கும். இடையில் உள்ள 14 சென்ட்டைத்தான் நீங்கள் 'ஈ மேஜர்' கார்டில் மூன்றாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் கேட்கிறீர்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று மூன்றாம் கம்பியை இறக்கினால் 'ஈ' இனிக்கும். அடுத்து 'சி மேஜர்' பிடித்தால் அதே கம்பி பஞ்சமமாக நின்று இழவு கொட்டும். எல்லாக் கார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கடன் வைத்து ஓட்டும் ஏற்பாடுதான் கிட்டார். ஸ்ட்ரோப் வகையில் சிலவற்றில் இந்த விலகலை ஓரளவு பங்கிட்டு வைத்த அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

டியூனருக்கு நான் எதிரியல்ல. இருந்தாலும் அதனோடு 440 ஹெர்ட்ஸ் சுருதிக் கவை ஒன்றும் வாங்கி வையுங்கள். முழங்காலில் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தால் தறி ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த 'ஏ' மண்டைக்குள் தெளிவாகக் கேட்கும். உங்கள் கிளிப் டியூனர் மரத்திடம் கேட்பதைக் கவை உங்கள் எலும்பிடம் சொல்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டின் மேல் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வருகிற கிளைச்சுரமும் அதே 440. அந்த ஒரு கம்பியைக் காதால் சேர்த்துவிட்டு மற்ற ஐந்தையும் டியூனரில் சேருங்கள். ஐந்தாம், ஏழாம் ஃபிரெட் கிளைச்சுரங்களை ஒப்பிட்டே ஆறு கம்பியையும் சேர்க்கும் பழைய வழியைச் சொல்லித்தர எனக்கு ஆசைதான். ஆனால் அதில் கம்பிக்குக் கம்பி இரண்டு சென்ட் தவறு சேர்ந்துகொண்டே போகும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் திரும்பும் ஆடி மாதத்தில் மரம் ஈரம் குடித்து முகப்பலகை உப்புவதால், நேற்றுச் சேர்த்த கிட்டார் இன்று சுருதி ஏறிக் கிடக்கும். வெயிலில் வண்டியில் கொண்டு போனால் கம்பி சூடேறித் தளர்ந்து இறங்கும். அப்போது டியூனரைக் குறை சொல்லாமல், கிட்டாரை அந்த இடத்தில் கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு சேருங்கள்.

கோரஸ் பின்வரிசை (தாராபுரம்) எழுதியது:

ஒரே ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். எங்கள் பாடகர் குழுவில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. அதன் நாக்குகள் 440-இல் இல்லை, ஏறக்குறைய 443-இல் நிற்கின்றன. டியூனரில் பச்சை வந்தும் ஆர்மோனியத்தோடு சேர்ந்தால் எங்கள் கிட்டார் பன்னிரண்டு சென்ட் தாழ்ந்து கேட்டது, பல மாதம் கிட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். நாக்கைச் சுரண்டி ஆர்மோனியத்தை மாற்றுவதைவிட டியூனரின் அடிப்படை எண்ணை 443-க்கு ஏற்றுவது எளிது. அந்த எண்ணை மாற்றும் வசதி உள்ள டியூனராக வாங்குங்கள். அதே வசதியால் ஒரு தொல்லையும் உண்டு: பொத்தான் தெரியாமல் அழுந்தி எண் மாறியிருந்தால், பச்சை காட்டிக்கொண்டே உங்களைத் தவறான சுருதியில் நிறுத்தும். மாட்டியவுடன் திரையின் மூலையில் 440 இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தறிக்குடோன் மகன் (சோமனூர்) எழுதியது:

கோவையில் வாங்கிவிட்டேன். கம்பி எண் காட்டும் முறை, அடிப்படை எண்ணை மாற்றும் வசதி, சிஆர் 2032, திருகாணி மூடி எல்லாம் இருக்கின்றன. 900 ரூபாய் ஆயிற்று. நேற்று மாலை தறி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவீட்டில் உட்கார்ந்து ஐந்து கம்பிகளைச் சேர்த்தேன். என் காதுக்குக் கிட்டாரே கேட்கவில்லை, ஆனால் முள் நடுவில் அசையாமல் நின்றது. மூன்றாம் கம்பி மட்டும் அடம் பிடிக்கிறது. கீயைத் திருப்பினால் முள் நகர்வதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு ஒரேயடியாகத் தாண்டிப் போய்விடுகிறது. டியூனர் மெதுவாகப் படிப்பதால் இப்படி ஆகிறதா?

ஆறாம் கம்பி (கோவை) எழுதியது:

டியூனர் சரியாகத்தான் படிக்கிறது தம்பி. அந்த 'டிக்' சத்தம் நட்டின் (கழுத்தின் உச்சியில் கம்பிகள் படியும் சிறு கட்டையின்) பள்ளத்தில் கம்பி சிக்கி விடுபடுவதால் வருவது. கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து வெளியே தூக்கிவிட்டு, கூர்மையாகச் சீவிய பென்சிலால் அந்தப் பள்ளத்தில் நாலைந்து முறை இழுங்கள். பென்சிலின் கிராஃபைட்டே அதற்கு எண்ணெய். பிறகு கம்பியை உட்கார வைத்து, வேண்டிய சுரத்துக்குக் கீழே நன்றாக இறக்கிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கியே முறுக்கிக்கொண்டு வாருங்கள். தாண்டிவிட்டால் தாண்டிய இடத்திலிருந்து சற்று இறக்கி நிறுத்தக் கூடாது; மறுபடி கீழே போய்த்தான் ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் கீயின் பற்சக்கரத்தில் மிச்சமிருக்கும் தளர்வு முதல் பாட்டிலேயே கம்பியை இறக்கிவிடும். மீட்டிய முதல் நொடியில் சுரம் சற்று ஏறித்தான் காட்டும் என்பதால், முள் அடங்கிய பிறகு வருவதைக் கணக்கில் எடுங்கள். பென்சிலுக்குப் பிறகும் 'டிக்' கேட்டால் கிட்டாரையே எடுத்துக்கொண்டு வாருங்கள், பள்ளத்தை அரம் போட்டுப் பார்க்கலாம்.